வேண்டுமென்றே வைத்த தப்பு

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் பொடிசும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கப்பலின் இயந்திர அறையே கதி என்று கிடக்கிறாயா என்று தெரியவில்லை. முதுகு வலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பாய் என்பது மட்டும் தெரியும்.

பொடிசுக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் என்னிடம் பேசுகிறாள். அதுவும் பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்கும். வாசலைத் தாண்டினால் அதுவும் கிடையாது. கடைக்காரர் பெயர் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறாள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை என்னிடம் வந்து, "உங்க தம்பி பொண்ணுக்குப் பேச வருமா டீச்சர்?" என்று கேட்டார். "வரும். அவளுக்கு இஷ்டம் வந்தா வரும்" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பத்து வயதுப் பெண். அம்மாவைப் பறிகொடுத்து இரண்டு வருஷம். இப்போது அப்பாவும் கடலுக்குப் போய்விட்டான். எதைப் பேசுவாள்?

என் பாட்டு வகுப்பில்தான் இருக்கிறாள். அங்கே நான் ஒரு விளையாட்டு வைத்திருப்பது உனக்குத் தெரியும். பாடிக் காட்டும்போது வேண்டுமென்றே ஓரிடத்தில் தப்பு வைப்பேன். கண்டுபிடித்த பிள்ளை கையைத் தூக்கி, எழுந்து, எந்த இடம் என்று சொல்ல வேண்டும். டீச்சரையே பிடித்துவிட்டோம் என்று அதுகளுக்குத் தலைகால் புரியாது. போன வருஷம் மேஜைக்கு அடியில் ஒளிந்த பையன் இந்த வருஷம் என் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறான். உன் மகளும் அப்படி ஆட்டத்தான் போகிறாள், பார்த்துக்கொண்டே இரு.

ஒரு விஷயம். இனிமேல் போனில் கூப்பிடாதே. துறைமுகத்திலிருந்து நீ பேசினால் ஒரே கரகரப்பு, ஒன்றும் விளங்கவில்லை. கடிதமே எழுது. பொடிசும் எழுதப் பழகுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

உன் தம்பி கை கால் எல்லாம் ஒழுங்காக இருந்து எழுதுவது. தைலத்தைப் பெட்டியில் பூட்டவில்லை. இயந்திர அறையில் ஒருத்தன் கடன் வாங்கிப் போனான், அவன் முதுகு இப்போது பிரமாதமாக இருக்கிறது. உனக்கு மூட்டு வலி எப்படி?

கடிதம் எழுதுகிறேன், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் போன் கரகரக்கிறது என்று நீ எழுதியதுதான் புரியவில்லை. போன தடவை நான் பேசியபோது பொடிசின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக இருந்தது. அவள் ரகசியம் பேசுகிற மாதிரி பேசியும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. உன்னிடம், "அவளுக்குக் காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டேன். நீ, "ஆமாம், நல்ல மழை" என்றாய். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் வேலை செய்யும்போது அது சிரிப்பாக வரவில்லை.

இங்கே இயந்திரம் ஓடும்போது காதுக்கு மூடி போடாமல் உள்ளே விட மாட்டார்கள். வருஷம் ஒரு தடவை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள். என் காது தப்பித்துவிட்டது. எல்லார் காதும் தப்புவதில்லை.

பொடிசை வற்புறுத்தாதே. அவளுக்குத் தோன்றும்போது பேசட்டும். அவள் ஒரு வார்த்தை பேசிவிட்டாள் என்று நீ எழுதினால், அந்தக் கடிதத்தை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்டு 11

என் அருமைத் தம்பிக்கு,

முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? உன் மகள் பேசிவிட்டாள்.

நாங்கள் சௌக்கியமா என்பதை எல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு புதுப் பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டினேன். நாற்பது பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு கை பாதி தூரம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பொடிசு. எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "டீச்சர், கடைசி ஸ்வரம் இறங்கிடுச்சு" என்றாள். அவள் குரல் அந்த அறையில் முதல் தடவையாகக் கேட்கிறது. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் உட்காரவில்லை. "சபாஷ்!" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த இடத்தில் நான் தப்பு வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதெல்லாம் கிடக்கட்டும். அவள் பேசினாளா இல்லையா?

அன்றிலிருந்து தினமும் கை தூக்குகிறாள். கடையில், "நாலு ரொட்டி" என்று அவளே கேட்டு வாங்கினாள். வகுப்பே சூடு பிடித்துவிட்டது. தலைமை ஆசிரியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வகுப்புல எப்பவும் பத்து கை மேலயே இருக்கே! மத்த வகுப்புல கேள்வி கேட்டாக்கூட ஒரு கை எழும்ப மாட்டேங்குது" என்று வியந்துபோனார். டிசம்பர் ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாட்டுதான் முதல் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டார்.

படித்துக் காட்டு, எல்லாருக்கும் படித்துக் காட்டு.

உன் அக்கா

(அப்பா, நான் பொடிசு. அத்தை ஒரே வகுப்பில் அஞ்சாறு தப்பு வைக்கிறாங்க. நான் எல்லாத்தையும் பிடிச்சிடுறேன்.)


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். சமையல்காரர் மூக்கைச் சிந்தினார். நான் மேல்தளத்துக்குப் போய்த் தனியாக நின்றுவிட்டு வந்தேன். உன்னால்தான் அவள் வாயைத் திறந்தாள். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்: நான் உனக்கு என்றைக்கும் கடமைப்பட்டவன்.

அதற்குக் கீழே பொடிசு எழுதிய வரியையும் படித்தேன். ஒரே வகுப்பில் அஞ்சாறு தப்பா? நீயா? சின்ன வயதில் நான் குளியலறையில் பாடினாலே கதவைத் தட்டித் திருத்துவாயே.

நேரடியாகவே கேட்கிறேன். வாசல் மணி அடித்தால் உனக்குக் கேட்கிறதா? ஜன்னலில் குருவி கத்தினால்? பிள்ளைகள் முதுகுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாயா?

எங்கள் பெரிய ஃபிட்டருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மேல் ஸ்தாயிச் சத்தம்தான் போகும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ஆட்டக் கூடாத இடத்தில் ஆட்டிவிட்டார், கொதிநீர் என் முழங்கையில் கொட்டியது. நான் சமைக்கும்போது சுட்டுக்கொண்டது என்றுதான் அந்தத் தழும்பை நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

டாக்டரிடம் போ. உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 27

தம்பிக்கு,

இருவரும் நலம். உன் கடிதம் வந்தது.

பொடிசுக்குப் பழைய செருப்பு பத்தாமல் புதுசு வாங்கினேன். ஒரு பல் ஆடுகிறது. கணக்கில் நல்ல மதிப்பெண். மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார்கள், நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். ஆண்டு விழாப் பாட்டில் இரண்டு தேர்ந்தெடுத்துவிட்டேன், மூன்றாவது யோசிக்க வேண்டும்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். பல் விழுந்துவிட்டது. நீங்களும் நல்லா இருக்கீங்களா?

இந்தக் கடிதம் எழுதுவது அத்தைக்குத் தெரியும். "நான் படிக்கட்டுமா?" என்று கேட்டாங்க. வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லி, தபால் தலையை மட்டும் ஒட்டிக் கொடுத்தாங்க.

அப்பா, அத்தை வைக்கிற தப்பு எல்லாம் விளையாட்டு இல்லை. விளையாட்டுத் தப்பு வைக்கும்போது அத்தையின் ஒரு புருவம் மேலே போகும். எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன். இப்போது புருவம் ஏறாமலே தப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து, "அத்தை, இன்னைக்கு ஒண்ணுதான் விளையாட்டு, மத்ததெல்லாம் நெஜம்" என்றேன். அத்தை ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாங்க. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாங்க.

இப்போது நான் முதல் வரிசையில் உட்காருகிறேன். அத்தை சுருதி மேலே போனால் நான் மூக்கைத் தொடணும். கீழே போனால் தாடையைத் தொடணும். அத்தை உடனே சரி பண்ணிடுவாங்க. யாருக்கும் தெரியாது. "இது நமக்குள்ள" என்று அத்தை சொன்னாங்க. அதனால் நான் இப்போது வகுப்பில் கை தூக்குவதில்லை. கை தூக்கினால் அத்தைக்குக் கஷ்டம்.

எனக்குத் தலை வலிக்குது அப்பா. எப்பவும் அத்தையையே கேட்டுக்கிட்டு இருக்கணும். பாட்டைக் கேட்க முடியலை.

முத்தங்கள்.
பொடிசு


நவம்பர் 8

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

பொடிசின் கடிதம் கையில் இருக்கிறது. நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? வாய் திறக்காத பெண்ணை, அவளுக்கு வாய் வேண்டும் என்று உன்னிடம் விட்டேன். நீ அதைத் திறந்தாய். திறந்த கையோடு ஒரு ரகசியத்தை வைத்து மூடியும் விட்டாய். அவள் இப்போது உனக்குக் காது. பத்து வயதுப் பிள்ளை, பாட்டு கேட்க வந்தவள், நாள் முழுக்க உன் தொண்டைக்குக் காவல் இருக்கிறாள்.

மாடி வீட்டுச் சுத்தியல் சத்தம் என்று எழுதினாயே, யாருக்குக் காது குத்துகிறாய்? பல்லைப் பற்றி எழுதினாய், செருப்பைப் பற்றி எழுதினாய், நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

விழாவுக்கு முன்னால் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல். சொல்லாவிட்டால் நான் இறங்கி வந்து பொடிசை அழைத்துப் போய் விடுதியில் சேர்த்துவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொள். மிரட்டத்தான் செய்கிறேன்.

தம்பி


நவம்பர் 30

தம்பிக்கு,

கோபத்திலாவது சாப்பிட்டாயா?

நீ கேட்டதற்கெல்லாம் பதில்: வாசல் மணி கேட்பதில்லை. குருவி எப்போது நின்றுபோனது என்று தெரியவில்லை. அவை வேறு எங்கோ போய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனேன், உனக்குச் சொல்லாமல் ஜூலையிலேயே போனேன். உள்காது நரம்பாம். திரும்பாதாம். கருவி மாட்டினால் சத்தம் பெரிதாகுமே தவிர சுருதி சரியாகாது என்றார்.

சுருதிதான் என் பிரச்சினை. ஒரே ஸ்வரம் இடது காதில் ஒன்றாகவும் வலது காதில் வேறொன்றாகவும் விழுகிறது. எது நிஜம் என்று எனக்கே தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் பெட்டி வைத்துச் சுருதி சேர்த்ததே இல்லை, என் தொண்டைதான் பெட்டி. இப்போது அந்தத் தொண்டையைத் திறக்கவே பயப்படுகிறேன்.

"போய்ச் சொல்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். சொன்னால் அடுத்த நாள் நான் யார்? அதைக்கூட விடு. என் பிள்ளைகளை நினைத்துப் பார். டீச்சரைப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்களே, அந்த நிமிர்வு முழுக்க என் காது கெட்டதால் வந்தது என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் தான் ஜெயித்தது பொய் என்று உட்கார்ந்துவிடும். உன் மகள்தான் முதலில் உட்காருவாள்.

விழா முடியட்டும். ஒரே ஒரு மேடை. அதன் பிறகு நானே சொல்லிவிடுகிறேன். பொடிசை வகுப்பில் இனிமேல் மூக்கைத் தொடச் சொல்ல மாட்டேன், விழாவில் மட்டும் தொட்டால் போதும்.

உன்னை வளர்த்தவள் கேட்கிறேன்.

அக்கா


டிசம்பர் 22

தம்பிக்கு,

என் முந்தைய கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கும். இல்லை, நீ எழுதவே இல்லையோ. நீ நலமாக இருக்க வேண்டும்.

விழா நடந்தது. எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். நீ படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அரங்கு நிறைந்திருந்தது. கீபோர்டு வாசிக்க ஓர் இளைஞரை ஏற்பாடு செய்திருந்தார்கள், நம் பள்ளியில் படித்தவர்தான். நான் சுருதி கொடுத்தேன், அவர் ஆரம்பித்தார். என் காதுக்கு அது சேரவில்லை. நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் நிறுத்தினேன். மேடையில் பிள்ளைகளின் முதல் வரிசையில் நின்ற பொடிசு தாடையைத் தொட்டாள். பார்த்தேன். பயத்தில் சொறிகிறாள் என்று நினைத்தேன். அதுகூடப் பொய். அவள்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மைக்கிலேயே அந்த இளைஞரிடம், "சுருதி தெரியாம மேடைக்கு வரக்கூடாது தம்பி" என்றேன். அரங்கில் சிரிப்பு. அவர் காது மடல் சிவந்துபோனது. அவருடைய அம்மா பார்வையாளர்களில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பொடிசு கையைத் தூக்கினாள்.

மூக்கையும் தொடவில்லை, தாடையையும் தொடவில்லை. கையை நேராக மேலே தூக்கியபடி மைக் இருக்கும் இடத்துக்கே நடந்து வந்தாள். "டீச்சர், அவர் வச்சது சரி. நீங்க வச்சதுதான் இறங்கியிருக்கு" என்றாள். அரங்கின் கடைசி நாற்காலி வரை கேட்டது. எனக்கே கேட்டது.

தம்பி, நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு. மைக்கைப் பிடித்து, "எங்க வகுப்புல இது ஒரு விளையாட்டு. நான் வேணும்னே தப்பு வைப்பேன். கண்டுபிடிக்கிற தைரியம் பிள்ளைங்களுக்கு இருக்கான்னு பார்ப்பேன். இன்னைக்கு உங்க முன்னாடியே வச்சுப் பார்த்தேன்" என்றேன். அரங்கே எழுந்து கைதட்டியது. தலைமை ஆசிரியை என் தோளைத் தட்டினார். "பாட்டு கத்துக் குடுத்தா என்ன ஆகும்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்" என்றார். அந்த இளைஞர் தன் சுருதியில் ஆரம்பித்தார். பிள்ளைகள் நன்றாகத்தான் பாடினார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நான் அப்படிச் சொன்னபோது பொடிசு என் புருவத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றாள். பாட்டு முழுக்க அவள் வாய் மூடியே இருந்தது.

அன்றிலிருந்து பேசவில்லை. வகுப்பில் இல்லை, கடையில் இல்லை, என்னிடமும் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள். தலை சீவினால் உட்காருகிறாள். முன்பாவது குனிந்தால் கேட்கும். இப்போது குனிந்தாலும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே துறைமுகத்தில் சேர்ந்து கிடைத்தன. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இந்த வீட்டுக்குப் பொய் போதும். அவள் பேசியது உன்னால், நிறுத்தியதும் உன்னால். நான் எழுதி அதை மாற்ற முடியாது. அவள் சரியாகத்தான் கேட்டாள் என்று அவளுக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

மார்ச்சில் இறங்குகிறேன். அப்போது பொடிசை என்னோடு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

உன் காது விஷயம் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் வந்துதான் அழ வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 21

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூட்டு வலி இருக்கிறது, காது இல்லை, மற்றபடி சௌக்கியம்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் முதலில் அந்தக் கீபோர்டு இளைஞர் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எங்கம்மாகிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க டீச்சர்" என்றார். அவர் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நியாயம்தானே.

அதன் பிறகு தலைமை ஆசிரியை. அவர் முகம் போன போக்கை விவரிக்க மாட்டேன். "விழாவுல எல்லார் முன்னாடியும் என்னைக் கைதட்ட வச்சீங்களே" என்று ஒன்றுதான் கேட்டார். இனிமேல் பாட்டு வகுப்பு என்னிடம் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கலாம், மீதி நேரம் நூலகம். அவர் எனக்குக் காட்டியது தயவுதான்.

கடைசியாக என் வகுப்பு. நாற்பது முகங்கள். பொடிசு மூன்றாவது வரிசைக்கே திரும்பிப் போயிருந்தாள். "எனக்குக் காது சரியில்லை. நீங்க பிடிச்ச தப்புல பாதிக்கு மேல விளையாட்டு இல்லை. எனக்குத் தெரியாமலே வந்தது. விழாவுல நான் சொன்னது பொய். அன்னைக்குக் கை தூக்கினவ சொன்னதுதான் சரி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எல்லாம் உட்கார்ந்துவிடும் என்று உனக்கு எழுதினேனே, அதைத்தான் எதிர்பார்த்தேன். போன வருஷம் மேஜைக்கு அடியில் ஒளிந்த அந்தப் பையன் குதித்தெழுந்தான். "அப்ப நாங்க நெஜமாவே கண்டுபிடிச்சோமா டீச்சர்? நீங்க வச்சதை இல்லையா? நெஜத் தப்பையா?" என்று கத்தினான். அந்த அறையே எழுந்து ஆடியது, தம்பி. நான் எதற்குப் பயந்து இவ்வளவு நாசம் பண்ணினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பொடிசு மட்டும் அசையவில்லை. அன்று வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அவ்வளவுதான். உன் மகளிடம் கெஞ்சிப் பார், தெரியும்.

புதுப் பாட்டு டீச்சர் வந்துவிட்டார். இளம் பெண், நல்ல குரலாம். போன வாரம் நூலகத்துப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். அந்த ஜன்னலைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன், தினமும் பார்க்கிறேன். உள்ளே பொடிசு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்தது. பேசிக்கொண்டிருந்தாள்! சின்னப் பேச்சு இல்லை. கழுத்து நரம்பு தெரியப் பேசினாள். நாற்பது பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். புது டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார். எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் வாயைப் பார்த்துப் பார்த்து அழுதேன். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று கேட்காதே, இரண்டும்தான்.

வகுப்பு முடிந்ததும் புது டீச்சர் வெளியே வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பழைய நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். "எனக்குக் காது கேட்காதும்மா. என் முகத்தைப் பார்த்து மெதுவா மறுபடி சொல்லுங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

கடைசி வரிசையில் ஒரு பெண், கட்டைக் குரல், சுருதியில் நிற்காது. அவளை, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று புது டீச்சர் சொல்லியிருக்கிறார். உடனே உன் மகள் எழுந்திருக்கிறாள். "அவ பாடக்கூடாதுன்னா நானும் பாட மாட்டேன். நான் பேசாம இருக்க ஆரம்பிச்சா மாசக்கணக்கா இருப்பேன். எங்க அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க" என்றாளாம்.

"இந்தப் பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று என்னைக் கேட்டுக்கொண்டார். கண்டிக்கவில்லை. "அவ சொன்னது உண்மைதான், மாசக்கணக்கா இருப்பா" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வகுப்பில் கட்டைக் குரலும் பாடியது என்று கேள்வி.

வீட்டுக்கு வரும் வழியில் பொடிசு என் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறி நடந்தாள். என்னை நிற்க வைத்து, அண்ணாந்து, "இந்தப் பக்கம்தானே கொஞ்சம் கேக்கும்?" என்றாள்.

நீ மார்ச்சில் வந்து அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். நான் தடுக்க மாட்டேன், தடுக்கிற தகுதியும் எனக்கு இல்லை. அவளையே கேட்டுக்கொள். கட்டாயம் பதில் சொல்லுவாள். உனக்குப் பிடித்த பதிலாகத்தான் இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதே.

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா